கழுதை தின்ற புத்தகம்

எங்கள் வாசிகசாலைப் புத்தகங்களில் கருவாடு மணக்கும். பின்வளவில் காயும் பாரைக் கருவாட்டின் மணத்தைக் கடல்காற்று யன்னலால் அள்ளிவந்து பக்கங்களுக்குள் செருகிவிடும். சிங்கம், யானை என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த மணம்தான் முதலில் வரும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தலைமன்னாரில் எங்களுக்கு அந்த ஒற்றை அறையை விட்டால் வேறு புத்தகம் கிடையாது, அதிலும் நான் மிருகக் கதைகளைத் தவிர எதையும் தொடமாட்டேன். தொலைந்த குட்டியைத் தேடிப் பக்கம் பக்கமாக நடக்கிற யானை, மழைக்குப் பயந்த தவளை, பனியில் வழுக்கி விழுகிற கரடி என்று எல்லோரும் என் சொந்தக்காரர்கள். "வயசுக்கேத்ததைப் படி" என்று பெரியவர்கள் சொன்னால் அதே யானையை மறுபடியும் எடுப்பேன். எனக்கிருந்த ஒரே கோபம், எந்தப் புத்தகத்திலும் கழுதை மடையனாகவே இருந்ததுதான். பஸ் வந்தாலும் ஆமி ட்ரக் வந்தாலும் நடுறோட்டில் நின்று, தனக்குத் தோன்றும்போது மட்டும் விலகுகிற எங்கள் ஊர்க் கழுதையைப் பார்த்தவர் யாரும் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

நான் உயிரையே வைத்திருந்த நீல மட்டைப் புத்தகத்தின் கடைசிக் கதையிலும், தண்ணீர் வற்றிய காட்டில் மிருகங்கள் சபை கூடி, கழுதையைச் சிரித்துத் துரத்திவிடும். ஒருநாள் வீட்டு வாசல் பூவரசின் கீழ் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது மழை இருட்டியது. காயப்போட்ட கருவாட்டை அள்ள அம்மா கூப்பிட்டா. ஓடினேன். திரும்பி வந்தால், ஒரு கழுதை என் புத்தகத்தை ஆற அமர மென்றுகொண்டு நின்றது. மட்டை மட்டும்தான் மிச்சம். யானைக்காகவும் தவளைக்காகவும் விக்கி விக்கி அழுதேன். கடைசிக் கதைக்காக அழவில்லை.

"துலைஞ்சுபோச்செண்டு சொல்லு. கழுதை திண்டதெண்டா ஆர் நம்புறது?" என்றா அம்மா. நான் மாட்டேன் என்றேன். வாசிகசாலைப் பொறுப்பாளர் றீற்றா மிஸ்ஸிடம் மட்டையை நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"பொய் சொல்லாத பிள்ளை. துலைச்சிட்டன் எண்டு ஒப்புக்கொள், பேசாமல் விடுறன்."

"கழுதை திண்டது மிஸ்."

"அப்ப உன்ர அங்கத்துவ அட்டையை வைச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனேன். வாசிக்க ஒன்றுமில்லாமல் கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பரைக்கூட வாசித்தேன். "கழுதைக்கு வாய்ச்ச பிடிவாதம்" என்று அம்மா ஏசினா. எனக்கு அது ஏச்சாகப் படவில்லை.

பொறுக்கமுடியாமல் ஒரு சனிக்கிழமை திரும்பப் போய், "மிஸ், அந்தப் புத்தகம் முழுக்க எனக்கு மனப்பாடம். சொல்லட்டே?" என்று கேட்டேன். மிஸ் பதில் சொல்லுமுன்பே தொடங்கிவிட்டேன். வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகங்களை மூடிவிட்டுச் சுற்றிவர இருந்தார்கள். யானை வந்தது, தவளை வந்தது, கரடி விழுந்தது. கடைசிக் கதையில் சபை கழுதையைத் துரத்தியது. போன கழுதையோ மணலை முகர்ந்து, குளம்பால் கிண்டி, ஊற்றைக் கண்டது. சிங்கம் வரிசையில் நின்று தண்ணீர் குடித்தது.

"புத்தகத்தில அப்பிடி இல்லையே?" என்றா மிஸ்.

"புத்தகம் கழுதையின்ர வயித்தில இருக்கு மிஸ். வேணுமெண்டா அதிட்டக் கேளுங்கோ."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அந்த நீல மட்டையை எடுத்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தா. "ஓம், இது பல்லுத்தான்" என்று சொல்லி என் அட்டையைத் திருப்பித் தந்தா. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் பிறகு எந்தச் சோதனை பாஸ் பண்ணியும் வந்ததில்லை.

போருக்குப் பிறகு தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்துவிட்டது, வாசிகசாலை வரவில்லை. இடம்பெயர்வில் புத்தகங்கள் போன இடம் தெரியாது. அந்த அறையில் இப்போது போன் திருத்துகிறார்கள். கழுதைகளையும் இடைஞ்சல் என்று அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். அவை கேட்பதாக இல்லை.

போன கிழமை மகளுக்குப் புது மிருகப் புத்தகம் ஒன்று வாங்கினேன். மினுங்குகிற தாள், கருவாட்டு மணமில்லை, கழுதை மட்டும் பழையபடி மடையன். வாசித்துக் காட்டும்போது நான் அதை ஊற்றுக் கிண்ட வைத்தேன். எழுத்துக்கூட்டத் தெரிந்தவள், வரியில் விரலை வைத்து, "அம்மா, இதில அப்பிடி இல்லையே?" என்றாள்.

"இந்தப் புத்தகத்தை இன்னும் கழுதை தின்னேல்லை, பிள்ளை" என்றேன்.