கமா அக்காவின் பெயரில்

ஒரு கமாவை, காற்புள்ளியைக்கூட விடாமல் திருத்துவதால் அலுவலகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். மென்பொருளை எப்படி நிறுவுவது என்று விளக்கும் பக்கங்களைத் திருத்துவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. யார் எதைத் திருத்தினாலும் கணினியே பாதுகாப்புச் சோதனை செய்யும். அவள் திருத்தத்துக்கு மட்டும் அரை நொடியில் திரையில் பச்சைக் குறி விழும்: "விளக்கக் குறிப்பு மட்டும். ஆபத்து இல்லை." பச்சை விழுந்ததை மனிதர் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

"என் எழுத்த ஒரு ஜென்மமும் படிக்கறதில்ல" என்று கணவரிடம் பொருமுவாள்.

"யாரும் குறை சொல்லலையே, விடு" என்பார் அவர்.

செவ்வாய் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், மென்பொருளை எந்த இணைய முகவரியிலிருந்து பதிவிறக்க வேண்டும் என்ற வரி மாறியிருப்பதைக் கண்டாள். அது அவள் கேள்விப்படாத முகவரி. திருத்தியவர் என்று அவள் பெயரே இருந்தது. மூன்று வாரம் ஆகியிருந்தது.

மேலாளரைக் கூப்பிட்டாள். "தம்பி, இது நான் போட்டதில்ல."

"பச்சைதானே இருக்கு அக்கா. போட்டுட்டு மறந்திருப்பீங்க."

"இந்த வரிய எல்லாரும் அப்படியே எடுத்து அவங்க கணினில ஓட்டுவாங்கப்பா. ஆஸ்பத்திரிலகூட நம்ம மென்பொருள்தான். எவனோ வெச்ச எதையோ மூணு வாரமா இறக்கிட்டிருக்காங்க."

அவன் திரையருகே குனிந்தான். அவன் கண்ணெதிரிலேயே பழைய முகவரியைத் திரும்பப் போட்டாள். பச்சை விழுந்தது. அடுத்த நிமிடம், அவள் பெயரில், அந்தப் புது முகவரி மறுபடி வந்து உட்கார்ந்தது.

அவள் கைகள் இரண்டும் விசைப்பலகையில் இல்லை; மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. திரையில் மறுபடி பச்சை விழுந்தது.