ஐந்நூறு சொல்லுக்குள் ரேடியோம்மா

கடைக்குப் பெயர்ப்பலகை செய்யச் சொல்லி வருகிறவர்களுக்கு ஆசை பெரிது, பலகை சிறிது. தாத்தா பெயர் வேண்டும், மூன்று போன் நம்பர் வேண்டும், 'நம்பிக்கையே எங்கள் மூலதனம்' வேண்டும், இடம் இருந்தால் கைகுலுக்குகிற படமும் வேண்டும். போர்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில், "ரோட்டுல போறவன் நின்னு படிக்கமாட்டான். போற போக்குலதான் பாப்பான்" என்பார். பேச்சு அவ்வளவுதான். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே தாத்தாவை விட்டுக்கொடுப்பார்.

வேலை முடிந்ததும் பலகையின் வலது மூலையில், எறும்பு எறும்பாகத் தன் கடைப் பெயரைப் போடுவார். போர்டு செய்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். அதை அளவிலும் சேர்ப்பதில்லை, கூலியிலும் சேர்ப்பதில்லை.

இப்படி ஒரு மனிதருக்கு வாய்த்த மனைவியோ வாய் ஓயாதவர். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் ரேடியோம்மா. வீட்டுக்கு வந்தாலும் ஒலிபரப்பு நிற்காது. அவர் பேசுவார், இவர் 'ம்' கொட்டுவார். குடும்பம் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும். அந்தப் படிப்புக்கு நாற்பது வயது நிரம்பாதவர்களைத்தான் எடுப்பார்கள், இவருக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. விண்ணப்பத்தோடு 'ஏன் இந்தப் படிப்பு?' என்று ஒரு கட்டுரை வேண்டும், ஐந்நூறு சொற்களுக்குள் இருந்தால் நல்லது என்று கல்லூரி சொல்லியிருந்தது. போன வருடம், "நல்லதுன்னுதானே போட்டிருக்கு, கூடாதுன்னா போட்டிருக்கு?" என்று பதினோரு பக்கம் அனுப்பிவைத்தார். பதிலே இல்லை. வந்து குவிவதில் நீளமானதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை என்று பிற்பாடு கல்லூரி அலுவலகத்தில் யாரோ போனில் சொன்னார்கள். இந்த வருடத்தை விட்டால் அப்புறம் கிடையாது. அதை மட்டும் ரேடியோம்மா ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்.

மறுபடி எழுத உட்கார்ந்தார். விஷயம் தெரிந்து அவருடைய அக்கா போன் செய்தார். "உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சது நானு. என்னைப் பத்தி ஒரு பக்கமாவது வரணும், சொல்லிட்டேன்." வந்தது, ஒன்றரைப் பக்கம். மொத்தம் எட்டுப் பக்கம்.

"குடு, நான் பாக்குறேன்" என்று போர்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனார். கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கணினியில் அடித்து, வெட்டி, சாயங்காலம் ஒரு தாளை நீட்டினார். மூன்றே வரி. 'குழந்தைகளுடன் நீண்ட அனுபவம். கனிவான பேச்சு. காலம் தவறாமை.'

ரேடியோம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

"என்னங்க இது? நான் என்ன டயர் கடையா? போன் நம்பரையும் போட்டு வாசல்ல மாட்டிடுங்க!"

போர்டுக்காரருக்குச் சுருக்கென்றது. தப்புதான். ஆயிரம் கடைக்குச் செய்ததையே பெண்டாட்டிக்கும் செய்துவைத்திருக்கிறார்.

"சரி, நீ எழுதினதையே வாய்விட்டுப் படி. கேக்குறேன்" என்றார்.

ரேடியோம்மா படித்தார். இவர் வழக்கம்போல 'ம்' கொட்டினார். கொஞ்ச நேரம் போனதும் ரேடியோம்மா சட்டென்று நிறுத்தி, பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தார்.

"ஏன் அடிக்கிறே?"

"நீங்க ம் கொட்டினா கேக்கலைன்னு அர்த்தம். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டு இதுகூடவா எனக்குத் தெரியாது?"

போர்டுக்காரர் அசடு வழிந்தார். ஆனால் வழி பிடிபட்டுவிட்டது. தினமும் சாப்பிட்டபின் படிப்பார்கள். 'ம்' வந்த இடமெல்லாம் போயிற்று. அக்கா ஒரு வரிக்குள் அடங்கினார். பள்ளிக்கூடம் பிடிக்காமல் பேருந்திலேயே தூங்குவதுபோல் நடித்த ஒரு சின்னப் பெண்ணிடம், "எனக்கு உள்ள போக பயமா இருக்கு, என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்று ரேடியோம்மா கேட்டதும், அது எழுந்து இவர் கையைப் பிடித்து வகுப்புவரை கூட்டிக்கொண்டு போனது ஒன்று உண்டு. அந்த இடத்தில் போர்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அது அப்படியே நின்றது.

இவ்வளவு செய்தும் ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. அது போர்டுக்காரரைப் பற்றியது. பாதியில் நின்றுபோன பள்ளிப் படிப்பை ரேடியோம்மா கல்யாணத்துக்குப் பிறகு முடித்ததும், பரீட்சைக் காலம் முழுக்க இவரே சமைத்ததும், உப்புப் போட மறந்ததும் அதில் இருந்தன. ரேடியோம்மா பேருந்துக்குப் போயிருந்த நேரத்தில் கணினியிலிருந்து அதை அவர் நீக்கிவிட்டார். அளவு கச்சிதமாக வந்தது. மனசு லேசாக வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் தன்னால் அவளுக்கு இடம் போய்விடக் கூடாது.

சாயங்காலம் கடைக்கு வந்த ரேடியோம்மா திரையில் படித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ரேடியோ பேசாவிட்டால் எங்கேயோ கோளாறு என்று போர்டுக்காரருக்குத் தெரியும்.

"நானே அனுப்புறேன், நீங்க போய் ஷட்டரை இறக்குங்க" என்றார்.

ஷட்டரை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், கல்லூரியின் இணையப் பக்கத்தில் சொற்களின் எண்ணிக்கை சிவப்பாகிக் கிடந்தது. கட்டுரையின் அடியில் புதிதாக ஒரு வரி. 'இதை அளவுக்குள் கொண்டுவந்தவர் என் கணவர். அதற்காக அவர் வெட்டி எறிந்தது தன்னைத்தான்.'

"ஏம்மா, அளவு தாண்டுது. சிவப்பு காட்டுது பாரு."

"போர்டு மூலையில உங்க கடைப் பேரைப் போடுறீங்களே, அதை அளவுல சேப்பீங்களா?"

"சேக்கமாட்டேன்."

"அப்புறம் என்ன?"

போர்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு அவரே குனிந்து அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

இடம் கிடைத்த செய்தி வந்த அன்று ரேடியோம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். போர்டுக்காரர்தான் அக்காவுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் ஆகியும் வைக்கவில்லை. எதிர்முனையில் அக்கா 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.