கட்டைவிரல்

சாலையை அகலப்படுத்த, எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த புளியமரத்தை இன்று அறுத்தார்கள். பல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை மரத்தூள் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் பேஷண்டின் கையை விட்டுவிட்டேன்.

பிளஸ் டூவில் நான் நர்சிங் குரூப். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். பஸ் ஓடாததால் பிராக்டிகல் பரீட்சைக்குக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போனேன். நர்சிங் காலேஜில் சேர அந்த மார்க் வேண்டும். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிராக்டிகலுக்காகக் கட்டியிருந்த என் வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் மறியலில் இருந்தவர்கள், "நர்சம்மா வருது, வழி வுடுங்கப்பா" என்றார்கள்.

மரத்துக்கு முன்னால் மலையிலிருந்து வந்த மாட்டுவண்டி ஒன்று நின்றிருந்தது. உள்ளே ஒரு பெண் காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தாள். அவள் புருஷன் ஓடிவந்தான்.

"நர்சம்மா, கொஞ்சம் பாருங்க. தோள்ல தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடட்டுமா, மரத்த எடுக்கற வரிக்கும் இருக்கலாமா?"

நான் நர்ஸ் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு நன்றாகவே கிடைத்தது.

"நாடி நல்லா இருக்கு. இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மரத்தைத் தாண்டினேன்.

பரீட்சையில் மேடம் கேட்டார்: "பல்ஸைக் கட்டைவிரலால் ஏன் பார்க்கக் கூடாது?"

"நம்ம துடிப்பே அதுல தெரியும், மேடம்."

சொன்ன பிறகுதான், வண்டியில் எந்த விரலை வைத்தேன் என்பது உறைத்தது.

"கரெக்ட்" என்று மார்க் போட்டார்.

திரும்பி வரும்போது மரம் அப்படியே கிடந்தது. வண்டியைக் காணோம். ஓரத்து மண்ணில் அதன் தடம் மலைப்பக்கம் திரும்பியிருந்தது.

"இன்னாம்மா, நாடி கெடைக்கலியா?" என்றார் பேஷண்ட்.