நாற்பத்தொன்றாம் இலக்கத்தின் பவுடர்

எழுபதுகளில், கண்டியில் ஓர் ஆசுபத்திரியின் பிள்ளைகள் பிரிவு வாசலில் இலக்கத் துண்டு கொடுக்கும் மகத்தான பதவி எனக்கு வாய்த்திருந்தது. உள்ளே டாக்டர் இருந்தார். ஆனால் அவரிடம் யார் முதலில் போவது என்பதை, எட்டாம் வகுப்போடு வைத்தியக் கல்வியை முடித்துக்கொண்ட நான்தான் தீர்மானித்தேன். முதலில் வந்தவருக்கு முதல் துண்டு. நோய்க்கு அவ்வளவு அவசரம் என்றால் அது முதல் பஸ்ஸிலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

விதிக்கு ஒரே விலக்கு, சத்தம். வீறிட்டு அழும் பிள்ளையை முன்னே அனுப்பிவிடுவேன். இரக்கம் பிள்ளை மேல் இல்லை, என் தலைவலி மேல். இன்னொரு சேவையும் இலவசமாகச் செய்துவந்தேன். மூக்கொழுக, புழுதிக் காலோடு பிள்ளையைத் தூக்கிவரும் தாய்மாருக்கு, நாலு பேர் கேட்கச் சுத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவேன். என் சொந்தப் பிள்ளைகளின் மூக்கை என் மனைவி துடைத்தாள்.

அன்று காலை பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த ஒருவர் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்குக்குள் கடலை. கூரை அதிரக் கத்தினான். நாற்பது பேரைத் தாண்டி உள்ளே போனான்.

அவனுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய். தோளில் இரண்டு வயது மகள். இஸ்திரி போட்ட கவுன், ரிப்பன், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, உதடு வரைக்கும் அப்பிய பவுடர். சத்தமே இல்லை.

"மூச்சு வாங்குதுங்க ஐயா," என்றாள்.

"நல்லாத்தானே தூங்குது. போய் வாங்குப் பலகையில உக்காருங்க," என்று நாற்பத்தொன்றைக் கொடுத்தேன். இவ்வளவு சோடிக்க நேரம் இருந்தவளுக்குக் காத்திருக்கவும் நேரம் இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அந்த வழியாகப் போன மிஸ்ஸி (தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்) சட்டென்று நின்றார். கவுனைத் தூக்கிப் பார்த்தார். மூச்சுக்கு மூச்சு நெஞ்சுக்குழி உள்ளே போய் வந்தது. கையிலிருந்த பஞ்சால் பிள்ளையின் வாயைத் துடைத்தார். பவுடருக்குக் கீழே உதடு நீலமாக இருந்தது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினார். வரிசை என்று சொல்ல வாயைத் திறந்த நான், நல்லவேளையாக மூடிவிட்டேன்.

மத்தியானம் மிஸ்ஸி வெளியே வந்தார். ஒட்சிசன் கொடுத்ததில் பிள்ளை தேறிவிட்டதாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கிடைத்திருக்காதாம். தாயிடம் சொன்னார், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார். போன மானத்தை மீட்க நான் தாயின் மேல் பாய்ந்தேன்.

"சீக்குப் பிள்ளைக்கு எதுக்கும்மா இவ்வளவு பவுடர்? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கைகூப்பினாள். "தப்புத்தாங்க ஐயா. போன மாசம் சளியோட கொண்டு வந்தப்ப, பிள்ளைய கழுவிக் கொண்டுவரத் தெரியாதான்னு எல்லாருக்கும் முன்னால ஏசினீங்க. அதான் இன்னிக்கு விடிய எழுப்பி, பச்சத் தண்ணியில குளிப்பாட்டி..."

எனக்கு ஞாபகமே இல்லை. தினமும் ஏசுகிறவனுக்கு எந்த ஏச்சு ஞாபகம் இருக்கும்? தலையைத் திருப்பிக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒரு பெண், நான் பார்ப்பதைக் கண்டதும், அவசர அவசரமாகத் தன் பிள்ளையின் மூக்கை முந்தானையால் துடைத்தாள்.