பல்லி இல்லாத வீட்டில் ஒரு சகுனம்

நிலாவெளியில் எங்கள் வீட்டை விட்டு யார் வெளியே போவதானாலும் பல்லியின் சம்மதம் வேண்டும். அது அம்மாவின் சட்டம். அப்பா கரைவலை இழுக்கப் புறப்படும் நேரம் பார்த்து பல்லி கூடாத பக்கத்தில் சொல்லிவிட்டால், மறுபேச்சில்லாமல் திரும்பி வந்து கதிரையில் இருப்பார். அம்மா கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, பின்பக்கம் சமைக்கிற குசினி வாசலால் போய்விடுவார். அந்த வாசலைப் பல்லி கணக்கில் எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

சகுனம் சொல்வதைத் தவிரவும் அவற்றுக்கு வேலை இருந்தது. சண்டை தொடங்கியதிலிருந்து மின்சாரம் இல்லை. பொழுதுபட்டதும் குப்பி விளக்கைச் சுற்றி நுளம்பும் விட்டிலும் மொய்க்கும். கிடுகுக் கூரைக்குள்ளிருந்து பல்லிகள் ஒவ்வொன்றாக இறங்கும். பெரியதொன்று வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இடம்பிடித்து மற்றவற்றைக் கிட்ட விடாது. ஈசல் புறப்படும் நாட்களில் எல்லாமே வயிறு புடைத்து, சுவரில் ஒட்டியபடி கிடக்கும்.

அந்த வருடம் ஊரெல்லாம் மலேரியா. மருந்தடிப்பவர்கள் வந்து சுவரெல்லாம் வெள்ளையாகத் தெளித்து, "கழுவிப்போடாதேங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அதற்காக இன்றும் அவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் பல்லிகள் சுவரிலிருந்து உதிர்ந்து செத்தன. மருந்தின் காரம் குறைந்ததும் பூச்சிகள் திரும்பி வந்தன. கரப்பான் அலுமாரிக்குள் குடியேறியது. சோற்றுக் கோப்பைக்குள் விட்டில் விழுந்தது. பல்லிகள் மட்டும் வரவில்லை. அவை எங்களுக்காக எவ்வளவு தின்று தீர்த்திருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது.

வலைக்குக் கயிறு வாங்கத் திருகோணமலைக்குப் போன அப்பா அந்த நாட்களில்தான் திரும்பி வராமல் போனார். பாதையைப் பூட்டிவிட்டார்கள் என்றார்கள். அப்பாவைப் பிடித்துவிட்டார்கள் என்றும் சிலர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, துணைக்கு வந்து எங்களோடு தங்கினாள். அவளுக்குப் பதினேழு வயதிருக்கும், எதற்கும் சிரிப்பாள்.

ஊர் வெறுமையாகத் தொடங்கியது. சனம் மேற்கே, காட்டோரம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா மட்டும் அசையவில்லை.

"அக்கா, பிள்ளையளையாவது யோசியுங்கோ."

"அவர் வந்து பூட்டின வீட்டையே பாக்கிறது?"

"இப்பிடியே இருக்க ஏலாதக்கா."

"பல்லி ஒரு சொல்லுச் சொல்லட்டும். வாறன்."

பல்லியே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு அம்மா இதைச் சொன்னார். சித்தி கொஞ்ச நாள் கெஞ்சினாள், பிறகு பேசாமல் விட்டாள்.

ஒருநாள் மத்தியானம் குச்சவெளிப் பக்கமிருந்து ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் தூரத்தில், பிறகு அவ்வளவு தூரத்தில் இல்லை. முன்வீட்டுக்காரரின் உழவு இயந்திரம் சாமான்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் நின்றது. அம்மா தம்பியை மடியில் வைத்தபடி கதவடியில் இருந்தார். அப்போது குசினிப் பக்கமிருந்து கேட்டது: இச், இச், இச்.

நான் எட்டிப் பார்த்தேன். சித்தி நெல்லு மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

அம்மா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தி கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"எந்தப் பக்கம் சொன்னது?" என்று அம்மா கேட்டார்.

"மேற்குப் பக்கம் போல கிடந்துது."

அம்மா கொஞ்ச நேரம் சித்தியின் முகத்தையே பார்த்தார். பிறகு தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "அப்ப வெளிக்கிடுங்கோ."

உழவு இயந்திரத்தில் எங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பொழுதுபட முன்னர் எங்கள் ஒழுங்கையில் ஷெல் விழுந்தது. வீடு கூரையோடு எரிந்துபோனதைப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா அழவில்லை. எங்கள் இரண்டு பேரின் தலையையும் மாறிமாறித் தடவிக்கொண்டிருந்தார்.

பாதை திறந்த பிறகு அப்பா கேட்டுக் கேட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து வந்த அவரைக் கண்டு தம்பி பயந்து கத்தினான். "எப்பிடி மனம் வந்து வெளிக்கிட்டனீர்?" என்று அப்பா கேட்டார். "பல்லி சொன்னது" என்றார் அம்மா. சித்தி எழும்பி வெளியே ஓடினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

எனக்கு அந்த இரகசியத்தை வைத்திருக்க முடியவில்லை. மறுநாள் அம்மா என் தலையை இழுத்துப் பின்னும்போது சொன்னேன்.

"அம்மா, அது பல்லியில்லை. சித்திதான் சத்தம் போட்டவ."

"தெரியும்" என்றார் அம்மா. "அவளுக்கு அந்தச் சத்தம் பழக்கினதே நான்தானே."

அம்மாவை ஏமாற்ற முடியாது என்ற பெருமையோடு நான் விளையாட ஓடிவிட்டேன். கணவன் வருவானோ என்று தெரியாத ஒரு பெண்ணுக்கு, "போவோம்" என்ற அந்த ஒரு சொல்லைத் தன் வாயால் சொல்வது எவ்வளவு பாரம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தப் பாரத்தைத் தங்கச்சி வாங்கிக்கொண்டாள், அக்கா கொடுத்துவிட்டார். நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.