வான்கோழிகள் கத்தத் தொடங்கும் வாரம்

நியூசிலாந்தில் வாத்து வேட்டைக்குப் பருவம் உண்டு. காட்டு வான்கோழிக்குக் கிடையாது. பண்ணை நிலத்தில் மேய்ந்து புல்லைக் கெடுக்கும் பறவை என்பதால் அதைக் காப்பாற்ற யாருக்கும் அக்கறையில்லை. நிலத்துக்காரர் சரி என்றால் எந்த மாதமும் சுடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பருவம் இருந்தது. செப்டம்பரில் சேவல்கள் கத்தத் தொடங்கும் வாரம் அது ஆரம்பிக்கும். பண்ணைக்காரர் வைக்கோலுக்காகப் புல்லை வளரவிட்டு மேட்டு நிலத்தின் கேட்டைப் பூட்டும் நாளில் முடியும். நானும் என் கணவரும் நாலு வருடமாக அப்படி வைத்துக்கொண்டிருந்தோம்.

வேட்டையில் எனக்கும் ஒரு வேலை உண்டு. சுடுவது அவர், கூப்பிடுவது நான். உள்ளங்கையில் அடங்குகிற மரப்பெட்டி ஒன்று. அதன் மூடியில் சாக்பீஸ் தடவி, பெட்டியின் விளிம்பில் இழுத்தால் பெட்டை வான்கோழியின் குரல் வரும். சரியாக இழுத்தால் சரிவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சேவல் பதில் சொல்லும், தொண்டைக்குள் தண்ணீரைக் கொப்பளிப்பதுபோல. பிறகு அது வாலை விரித்துக்கொண்டு நடந்து வரும். முதல் வருடம் நான் பதற்றத்தில் வேகவேகமாக இழுத்தபோது அவர் காதருகே சொன்னார்: "மெதுவா இழும். உம்மட பெட்டை கலியாணத்துக்கு அவசரப்படுறமாதிரிக் கிடக்கு." நான் சிரித்ததில் சேவல் ஓடிவிட்டது.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளி வயதில் அக்காவோடு ஆக்லாந்து வந்தவர். நான் திருச்சியில் படித்துவிட்டு வேலைக்காக வந்தவள். எல்லர்ஸ்லியில் ஒரு சிறிய நிறுவனத்தில், மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகளைச் சோதித்துச் சான்று எழுதுகிறேன். அந்த வேலையில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. பம்பு சத்தம் போடாமல் இருக்கிறது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று எழுதக் கூடாது. குழாய்க்குள் வேண்டுமென்றே ஒரு காற்றுக் குமிழியை விட்டு, அலாரம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

போன பிப்ரவரியில் அவருக்கு வேலை போனது. மனுரேவாவில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டம் போடுகிறவராக இருந்தார். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். முதல் மாதம் விண்ணப்பங்கள் அனுப்பினார். இரண்டாம் மாதம் அனுப்புவதாகச் சொன்னார். அதன் பிறகு, காலையில் நான் வெஸ்ட்கேட் வீட்டிலிருந்து கிளம்பும்போது சோபாவில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ மாலையில் வரும்போதும் அப்படியே இருந்தார். சண்டை இல்லை, குடி இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். தட்டில் வைத்ததில் பாதியைச் சாப்பிட்டார். ஷேவ் செய்வதை நிறுத்தினார்.

மே மாதம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். தூக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்று இவர் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கான குறிப்புகள் என் போனில் தேதியோடு இருந்தன: சாப்பிடாத வேளைகள், விழித்திருந்த மணிகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன ஒரு வாக்கியம். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன். புருஷனைப் பற்றி அவர் எதிரிலேயே இன்னொருவரிடம் சொல்வது எங்கள் இரண்டு வீட்டிலும் பழக்கமில்லை. ஆமா, தூக்கம்தான் என்றேன்.

அதனால் ஜூலையில் அவர் மரப்பெட்டியைத் தேடி எடுத்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை விவரிப்பது கஷ்டம். அன்றைக்கு ஷேவ் செய்துகொண்டார். சமையலறையில் நின்று பெட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தினை கிழமை?" என்று கேட்டார். எட்டு என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். ஏழு. நான் அலுவலக நாட்காட்டியில் வாரங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். அந்த வருடம் பருவத்துக்காக அவரைவிட அதிகம் காத்திருந்தவள் நான்தான்.

அவருடைய அக்காவும் காத்திருந்தார். மனுரேவாவில் இருக்கிறார்; எங்களுக்கு ஆக்லாந்தில் நெருங்கிய சொந்தம் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு வருடமும் முதல் பறவையில் பாதி அவர் வீட்டுக்குப் போகும். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் கொண்டுவரலாம், கறித்தூள் வறுத்து வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னார்.

இடையில் ஒரு காரியம் இருந்தது. என் கணவரின் துப்பாக்கி லைசென்ஸ் செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டகத்தைப் பார்ப்பார், அவரிடம் பேசுவார், பிறகு மனைவியிடம் தனியாகப் பேசுவார். உறவில்லாத ஒருவரிடமும் பேசுவார். அந்த ஒருவராக, கோயிலில் பழகிய ஒரு நண்பரின் பெயரை இவர் கொடுத்திருந்தார். அந்த நண்பர் ஆறு மாதமாக இவரை நேரில் பார்க்கவில்லை. இருந்தும், இவரைப்போல நிதானமான மனிதரைத் தெரியாது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதை எங்களுக்குப் போன் செய்து சந்தோஷமாகத் தெரிவித்தார். அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. நண்பனைப் பற்றி வெள்ளைக்காரரிடம் வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதிகாரி ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கூப்பிட்டார். முதலில் வேறு ஏதேதோ கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, நாளைக்கு வாற அந்த அதிகாரிப் பொம்பிளை கேட்டா ஒண்டும் சொல்லிப்போடாதை. அவன் நல்லாத்தான் இருக்கிறான் எண்டு சொல்லு."

"அவர் நல்லா இல்லக்கா."

"ஓம், அது எனக்குத் தெரியும்தானே. அதாலதான் சொல்லுறன். அவன் எதிர்பாத்துக்கொண்டிருக்கிறது அது ஒண்டைத்தான். அதையும் பறிச்சால் பிறகு என்ன கிடக்கு?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். சரிக்கா என்றேன்.

சாமான் பட்டியலை எழுதுவது எப்போதும் என் வேலை. ஜூலையில் எழுதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவேன். இரண்டு பகுதியாக இருக்கும்: போகும்போது, வரும்போது. போகும்போது என்பதில் துப்பாக்கி, தோட்டா, மரப்பெட்டி, சாக்பீஸ், ஒளிந்து உட்கார வலை, ஈரப் புல்லில் போட இரண்டு குஷன், பிளாஸ்க். வரும்போது என்பதில் கத்தி, பைகள், ஐஸ் பெட்டி, ஐஸ், சோப்பு, துண்டு, காரில் மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறை இரண்டு ஜோடி. இந்த வருடம் அவர், "நான் எழுதுறன், விடும்" என்றிருந்தார். எனக்குச் சந்தோஷம். அவராக ஒரு வேலையை எடுத்துக்கொண்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. பல வாரம் எழுதவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் பால் எடுக்கப் போனபோது பட்டியல் கதவில் இருந்தது. அழகான கையெழுத்து அவருக்கு. துப்பாக்கி. தோட்டா. பண்ணை கேட் சாவி. குஷன் 1. தண்ணீர்.

அவ்வளவுதான். அடுத்த பக்கம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

பால் கையிலிருக்க நான் அதை மூன்று முறை படித்தேன். இரண்டாவது குஷன் இல்லை. மரப்பெட்டி இல்லை, கூப்பிடாமல் பறவை எப்படி வரும்? கத்தி இல்லை, பை இல்லை, ஐஸ் இல்லை. என் பட்டியலில் வரும்போது என்ற தலைப்பின் கீழ் இருக்கும் ஒன்றுகூட அதில் இல்லை.

மறந்திருக்கலாம். அந்த மாதங்களில் அவர் அடுப்பை அணைக்க மறந்திருக்கிறார், சொந்தப் பிறந்தநாளை மறந்திருக்கிறார். அவர் குளித்துவிட்டு வந்ததும் சாதாரணமாகக் கேட்டேன்: "ஐஸ் பெட்டி எழுதலையே நீங்க?"

அவர் பட்டியலைப் பார்த்தார். படிக்கத் தேவையானதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"ஓம்," என்றார். "பாப்பம்."

பெட்டகத்தின் சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கலாமே என்று பிறகு ஒரு தோழி கேட்டாள். என்னிடம் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாதவர் கையில் சாவி கிடைக்கக் கூடாது என்பது விதி. அவர் விதிகளைச் சரியாகக் கடைப்பிடிப்பவர். சாவி எங்கே இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

அதிகாரி வயதான பெண்மணி. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். பெட்டகம் சுவரில் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார், தோட்டாக்கள் வேறு இடத்தில் பூட்டி இருப்பதைப் பாராட்டினார். சாப்பாட்டு மேசையில் அவரோடு இருபது நிமிடம் பேசினார். நான் மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய ஆங்கிலம் நிதானமாக இருந்தது. ஓரிடத்தில் அந்தப் பெண்மணி சிரித்தார்.

பிறகு அவரைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். எவ்வளவு காலமாகக் கல்யாணம், குழந்தைகள் உண்டா, வீட்டில் குடி உண்டா. கேள்விகள் அச்சடித்த தாளில் இருந்தன. பதில்களை அவர் கட்டங்களில் குறித்தார். அது எனக்குப் பழகிய வேலை. எந்தப் பதிலுக்கு எந்தக் கட்டம் என்று எனக்குத் தலைகீழாகவே படிக்க முடிந்தது. உங்கள் கணவரிடம் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா என்று கேட்டபோது, அவர் பேனா ஏற்கனவே 'இல்லை' என்ற கட்டத்துக்கு மேலே வந்திருந்தது.

ஜன்னல் வழியாகக் கணவர் தெரிந்தார். துணிக்கொடியின் அருகே, கைகளைத் தொங்கவிட்டபடி, பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருக்கிறது என்றேன்.

போனிலிருந்த குறிப்புகளைத் தேதி வாரியாகப் படித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தாளை எடுத்து வந்து, அதில் என்ன இல்லை என்று விளக்கினேன். ஆய்வறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தேன் என்பது இப்போது நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

அந்தப் பெண்மணி வெளியே போய் யாரையோ போனில் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் இன்னொருவர் வந்தார். துப்பாக்கிகள் இரண்டையும் என் கணவரே பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் குழாய்களைத் துணியால் துடைத்தார். தற்காலிகமாகத்தான் என்று அவர்கள் சொன்னார்கள். போகும்போது அந்தப் பெண்மணி என் கையில் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

கதவு சாத்திய பிறகு அவர் கேட்டார்: "எனக்காகச் சொன்னீரோ, உமக்காகச் சொன்னீரோ?"

"தெரியல. ரெண்டுக்கும்தான்."

"ஐஸ் எழுத மறந்துபோனன்," என்றார். "அதுக்குத்தானே இவ்வளவும்."

அக்கா அன்று மாலையே கூப்பிட்டார். அவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டாய் என்றார். உன் ஊரில் புருஷனை இப்படித்தான் காட்டிக்கொடுப்பார்களா என்றார். கடைசியில், வறுத்து வைத்த தூளை என்ன செய்வது என்று கேட்டார்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். இந்தமுறை நான் பேசினேன். அவர் மறுக்கவில்லை. பண்ணைக்குத் தனியாகப் போய் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று டாக்டர் நேராகக் கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்றார். மறுபடியும், உண்மையாகவே தெரியாது என்றார்.

என் வேலையில் ஓர் அலாரம் சரியாக அடித்ததா, வீணாக அடித்ததா என்று மறுபடி சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு மறுசோதனை இல்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

மாத்திரைகள் ஆரம்பித்திருக்கின்றன. வியாழக்கிழமைகளில் ஒருவரோடு பேசப் போகிறார். என்னோடு பேசுவது குறைவு. உப்பு, சாவி, குப்பைத் தொட்டி. செப்டம்பர் மூன்றாம் வாரம் பண்ணைக்காரர் வழக்கம்போல் செய்தி அனுப்பினார்: சேவல்கள் கத்துகின்றன, எப்போது வருகிறீர்கள்? கணவர் படித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். இந்த வருடம் வரவில்லை என்று நான்தான் பதில் எழுதினேன். ஏன் என்று பண்ணைக்காரர் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கடைக்குப் போகும் முன் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து என் பட்டியலை எடுத்தேன். பால், வெங்காயம், பருப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு. அடியில் அந்த அழகான கையெழுத்தில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது. ஐஸ்.

குத்திக்காட்ட எழுதினாரா, வேறு எதற்காகவாவது எழுதினாரா என்று நான் நின்று யோசித்தேன். மாடியில் அவர் நடக்கும் சத்தம் கேட்டது. மேலே போய் அவரிடம் கேட்கவில்லை. வாங்கி வந்தேன். இரண்டு கிலோ பை, உறைபெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அவர் அதைத் திறக்கவில்லை. நானும் எடுத்துக் கொட்டவில்லை.