எழுபத்திரண்டு வினாடி நிமிடம்

வெள்ளவத்தையில் பழைய வீடியோ கசெட்டுகளை டிவிடியாக்கிக் கொடுப்பது என் தொழில். கனடாக் கசெட்டுகள் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும், நொடிக்கு முப்பது படங்கள். நம் ஊர் 'பால்' (PAL) முறையில் இருபத்தைந்துதான்.

பக்கத்துப் பாமன்கடையிலிருந்து வந்த அன்ரி ஒருவர், காலமான கணவர் டொரண்டோவிலிருந்து முன்பு பேசி அனுப்பிய கசெட்டைக் கொண்டுவந்தார். மாற்றிப் போட்டுக் காட்டினேன்.

"தம்பி, இது இவரின்ட குரல் இல்லை. இவர் படபடவெண்டு கதைக்கிறவர்."

"கன வருசம்தானே அன்ரி, உங்களுக்கு மறந்திருக்கும்."

அவர் கோபப்படவில்லை. "பின்னால இருக்கிற மணிக்கூட்டைப் பாருங்கோ" என்றார்.

திரையில் அந்தச் சுவர் மணிக்கூட்டின் வினாடி முள் ஒரு சுற்றுச் சுற்ற, என் கைக்கடிகாரத்தில் எழுபத்திரண்டு வினாடிகள் ஆயின. ஒரு நொடிக்குரிய முப்பது படங்களையும் குறைக்காமல், நொடிக்கு இருபத்தைந்தாக ஓடவிட்டிருந்தேன். படத்தோடு குரலும் இழுபட்டிருந்தது.

அவரை இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பச் சரியாக மாற்றிப் போட்டேன்.

"வாறன் எண்டா வருவன்தானே, ஏன் அழுறீர்?" என்று கணவர் மூச்சுவிடாமல் பொரிந்தார்.

அன்ரி திரையைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோவன்" என்றார்.

அவரிடம் போய் மறந்திருக்கும் என்று சொன்னேனே. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.